குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, மாதாமாதம் பணம் அனுப்பி, இங்கே ஒரு குழந்தையின் படிப்புக்கும் வளர்ப்புக்கும் துணை நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் அந்தக் குழந்தையை நேரில் பார்ப்பதற்கென்றே சென்னைக்கு வருகிறார்கள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்ப்பது என் வேலை.

அந்தக் குழந்தைகள் வளரும் குழந்தைகள் கிராமம் என்பது பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்த விடுதி அல்ல. தனித்தனி வீடுகள். வீட்டுக்கு ஓர் அம்மா. அவரிடம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கையாக வளரும் பல வயதுப் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆதரவற்று நின்ற பிள்ளைகளுக்காக ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் என்ற ஊரில் 1949இல் தொடங்கியது எஸ்.ஓ.எஸ். அமைப்பின் இந்த முறை. நம் தாம்பரத்திலும் அப்படி ஒரு கிராமம் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த வீடுகளில் கேட்பது நம் வீட்டுச் சத்தம்தான். ஒருத்திக்குப் பின்னல் போட்டாக வேண்டும், இன்னொருவனுக்கு ஒரு கால் ஷூ கிடைக்கவில்லை.

ஆகவே வருகிறவர் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு குழந்தைக்கு மட்டும் பெட்டி நிறையப் பொம்மை கொண்டுவந்து திறந்தால், கூடவே வளரும் மற்ற பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்க்கும். கேரம் போர்டு, பந்து, வண்ணப் பென்சில் என்று வீட்டுக்கே பொதுவாகக் கொண்டுவாருங்கள். அன்று மாலைக்குள் எல்லாரும் உங்களோடு விளையாடியிருப்பார்கள்.

"உன் அப்பா அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நான் குழந்தையிடம் கொண்டுபோக மாட்டேன். கேட்டவரிடம் காரணத்தைச் சொல்லி, வேறு கேள்வி கேட்கச் சொல்வேன். பிள்ளைகளிடம் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. "ஆன்ட்டி, உங்க ஊர்ல பனி கொட்டுனா ஸ்கூல் லீவா?" "உங்க வீட்ல நாய் இருக்கா, அதுக்கு நீங்க பேசுறது புரியுமா?" இந்த வழியில் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பொறுப்பாளர் ஒருவர் கூடவே இருப்பார், குழந்தையைத் தனியே வெளியில் அழைத்துப் போக முடியாது. இவ்வளவு தூரம் வந்தவரிடம் இவ்வளவு கட்டுப்பாடா என்று மனம் வாடுகிறவர்கள் உண்டு. நான் இந்த விதிகளின் பக்கம்தான். எஸ்.ஓ.எஸ். நிறுவனர் ஹெர்மன் க்மைனர் மீதே சிறுவர்களைத் துன்புறுத்தியதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதை 2025இல் அந்த அமைப்பே வெளியிட்டது. அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு! நல்லவர் என்று ஊரே சொல்வதால் மட்டும் ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. குழந்தையைப் படம் எடுத்து முகநூலில் போடவும் கூடாது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், பள்ளி, அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில் தடுக்கிறது.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், பெரியவர்களின் திதி என்று நாமும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். கொடுங்கள், மகிழ்ச்சி. ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைகூப்பிப் பாட வைத்து, படம் எடுத்த பிறகு இலை போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பார்த்துவிட்டுப் போனபின் கடிதம் எழுதுகிறவர்கள்தான் பிள்ளைகளின் மனத்தில் நிற்கிறார்கள். நீளமாக வேண்டாம், உங்கள் நாய் குட்டி போட்ட செய்தி போதும். வருவதாகச் சொன்ன வருடம் வர முடியாவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் தேதியை மறப்பதில்லை.

இன்னொன்று. வறுமையால் மட்டும் ஒரு குழந்தை தாயைப் பிரிந்து இல்லத்துக்கு வர வேண்டியதில்லை. தகுதியுள்ள பிள்ளைகள் சொந்த வீட்டிலேயே இருந்து படிக்க, அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பார்த்தால் 1098-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.

நன்றி, வணக்கம்.