காலி மனையில் ஒரு தோட்டம், தோட்டத்தில் ஒரு திரை

வணக்கம்.

திறந்தவெளியில் படம் போடுகிறவர்களுக்கு முதல் எதிரி காற்றுதான். திரைத்துணியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினால் மட்டும் போதாது. ஒரு காற்று வந்தால் துணி பாய்மரம் போல உப்பிவிடும், திரையில் இருப்பவர் முகம் கோணிப் போகும். அதனால் துணியின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகி, கழியின் இரண்டு முனையிலும் செங்கல் கட்டித் தொங்கவிடுவோம். ஊர் ஊராகப் போய்க் குறும்படமும் ஆவணப்படமும் காட்டுகிற ஒரு சிறிய குழுவில் பல வருடமாக இருக்கிறேன். இந்தச் செங்கல் கணக்கெல்லாம் எனக்கு அத்துபடி. இதே வேலையை வேறு ஊர்களில் யார் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது ஒரு தோட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இன்று அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நியூயார்க் நகரம். மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம், ஈஸ்ட் ஹவ்ஸ்டன் தெரு. எழுத்து அதேதான் என்றாலும் டெக்சாஸில் இருக்கிற ஊர் ஹூஸ்டன், இந்தத் தெரு ஹவ்ஸ்டன். அங்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு மனை. முன்பு கார்களை உடைத்துப் பாகம் பாகமாகப் பிரிக்கிற பட்டறையாக இருந்த இடம். 1996-ல் பீட்டர் கிராமர், ஜாக் வாட்டர்ஸ் என்ற இரு கலைஞர்கள், வாழ்க்கைத் துணைவர்களும்கூட, அதைத் தோட்டமாக்கத் தொடங்கினார்கள். வைத்த பெயர் 'லெ பெட்டீ வெர்சாய்'. சின்ன வெர்சாய் என்று அர்த்தம். பிரெஞ்சு அரசர்களின் வெர்சாய் வளாகம் சுமார் 800 ஹெக்டேர். நியூயார்க்கில் வழக்கமான ஒரு மனை 25 அடி அகலம், 100 அடி நீளம், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு. அந்த அளவு இடத்துக்கு அரண்மனைப் பெயரைச் சூட்டிய துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் அங்கே செடிகளுக்கு நடுவே படம் போடுகிறார்கள், பாடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள், ஓவியம் வைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

அவ்வளவு விலை உயர்ந்த ஊரில் இந்த மனை எப்படிக் காலியாகக் கிடந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1970களில் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலைக்குப் போனது. மன்ஹாட்டனின் இந்தக் கிழக்குப் பகுதியில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். வாடகை கட்டுப்படியாகாத கட்டட உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடத்தை அப்படியே விட்டுப் போனார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்தவர்களும் உண்டு. வரி பாக்கிக்காக நகரம் எடுத்துக்கொண்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டு, தெருவுக்குத் தெரு செங்கல் குவியலும் குப்பையுமாக மனைகள் கிடந்தன. நம் வாயில் வருகிற வார்த்தையில் சொன்னால் புறம்போக்கு.

1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் இதே ஹவ்ஸ்டன் தெருவும் பவரி தெருவும் சந்திக்கிற முனையில் ஒரு மனையைச் சுத்தம் செய்தார்கள். அவர்கள் குழுவுக்குப் பெயர் 'கிரீன் கெரில்லாஸ்'. உள்ளே போக முடியாமல் வேலி போட்டிருந்த மனைகளுக்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பலூனிலும், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற மெல்லிய கண்ணாடிக் குண்டுகளிலும் விதை, உரம், ஈர மண் எல்லாவற்றையும் அடைத்து வேலிக்கு மேலாக எறிந்தார்கள். குண்டு உடையும், மழை பெய்யும், முளைக்கும். அடுத்த வருடம் மாநகராட்சி அந்த முனை மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடமே கொடுத்தது. நகரத்தின் முதல் சமுதாயத் தோட்டங்களில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது, லிஸ் கிறிஸ்டியின் பெயரோடு.

கிராமரும் வாட்டர்ஸும் இந்தப் பகுதியிலேயே ஊறியவர்கள். நடனத்திலிருந்து வந்தவர்கள், அப்புறம் 'சூப்பர் எட்டு' என்ற சின்ன ஃபிலிம் கேமராவைக் கையில் எடுத்தார்கள். ஒரு சுருள் மூன்று நிமிடச் சொச்சம் ஓடும், அவ்வளவுதான். 1980களில் பல வருடம் 'ஏபிசி நோ ரியோ' என்ற கலைக்கூடத்தை நடத்தினார்கள். அந்தக் கூடம் பிறந்ததே ஒரு மனைத் தகராறில்தான். 1980 புத்தாண்டு நாளில் சில கலைஞர்கள் காலியாகப் பூட்டிக் கிடந்த ஒரு மாநகராட்சிக் கட்டடத்துக்குள் புகுந்து, வீட்டு மனை வியாபாரத்தைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மறுநாளே மாநகராட்சி இழுத்துப் பூட்டியது. செய்தி பரவியதும் பக்கத்திலேயே வேறொரு கட்டடத்தைத் தந்தது. புது இடத்துக்கு எதிரே ஒரு பழைய வக்கீல் பலகை. 'அபொகாதோ கோன் நோத்தாரியோ' என்ற ஸ்பானிய வாசகத்தில் எழுத்துகள் உதிர்ந்து, மிச்சம் நின்றது 'ஏபிசி நோ ரியோ'. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். இந்தப் பின்னணியிலிருந்து வந்த இருவருக்கு ஒரு பட்டறை மனை திரையரங்காகத் தெரிந்ததில் வியப்பில்லை.

சரி, தோட்ட வேலைக்கு வருவோம். இடிபாட்டு மண்ணில் பழைய பெயின்ட்டிலிருந்து வந்த ஈயம் கலந்திருக்கும். அதில் கீரையோ தக்காளியோ போட்டுச் சாப்பிட முடியாது. அதனால் இந்த மாதிரித் தோட்டங்களில் பலகையால் பெட்டி அடித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். தண்ணீருக்குப் பல தோட்டங்களில் குழாயே கிடையாது. தெரு ஓரத்தில் தீயணைப்புக்கு நிற்கிற இரும்புக் குழாயிலிருந்து, அனுமதிச் சீட்டு வாங்கி, தனிச் சாவி போட்டுத் திறந்து, நடைபாதையைக் கடந்து ரப்பர் குழாயை இழுத்து வருகிறார்கள். கோடையில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் தெருவே நின்று பேசும் என்று நினைக்கிறேன். நம் தெருக்குழாயடியை அறிந்தவர்களுக்கு அது புரியும்.

இந்தத் தோட்டங்களுக்கு உரிமம் தருவது மாநகராட்சியின் 'கிரீன்தம்ப்' திட்டம். 1978-ல் தொடங்கியது, இன்று 550-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதன் கீழ் இருக்கின்றன. அதன் விதிகளில் ஒன்று, தோட்டப் பருவ மாதங்களில் வாரம் 20 மணி நேரம் கதவு யாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது இந்த விதிதான். அதுவரைக்கும் படமும் பாட்டும் தோட்டத்துக்கு மேல் வைத்த அலங்காரம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டம், மாநகராட்சிக் காகிதத்தில் மறுபடி காலி மனையாகிவிடும். கூட்டம் கூடுகிற வரைக்கும்தான் அந்த மண் அவர்கள் கையில்.

அது வெறும் அச்சமும் இல்லை. 1990களின் கடைசியில் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் தோட்ட மனைகளை ஏலம் விடத் தொடங்கியது. 1998-ல் ஒரு ஏலக் கூடத்துக்குள் எதிர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் சில்வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். 1999-ல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஒரே ஏலத்துக்கு வந்தன. முந்தின நாள், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அறக்கட்டளையும் இன்னொரு நிலக் காப்பு அமைப்பும் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை மீட்டன.

எஸ்பெரான்சா தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'எஸ்பெரான்சா' என்றால் நம்பிக்கை. கிழக்கு 7-ஆம் தெருவில், ஒரு போர்ட்டோ ரிக்கோ குடும்பம் இருபது வருடத்துக்கு மேல் பார்த்து வளர்த்த இடம். அதைக் காக்க வந்தவர்கள் வாசலில் ஒரு பெரிய தவளை உருவத்தைக் கட்டி, அதன் வயிற்றுக்குள்ளேயே முறை வைத்துப் படுத்துக் காவல் காத்தார்கள். போர்ட்டோ ரிக்கோவின் மரத்தவளை அது. சின்னஞ்சிறு உடம்பு, தெருவைத் தாண்டிக் கேட்கிற குரல். இரவில் 'கொக்கீ, கொக்கீ' என்று கத்துவதால் பெயரும் கொக்கீ. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 15, கடுங்குளிர். தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டவர்களை, சங்கிலியை அறுத்துக் கைது செய்தார்கள். புல்டோசர் உள்ளே போனது. தோட்டங்களை இடிக்கக் கூடாது என்று அன்றைக்கே ஒரு நீதிபதி தடை போட்டார். உத்தரவு வந்தபோது எஸ்பெரான்சா மண்ணோடு மண்ணாகியிருந்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோட்டமா, ஏழைகளுக்கு வீடா என்று அன்றைக்கு நிர்வாகம் கேட்டது. வீடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டம் போட்டவர்களும் அதே ஏழைத் தெருக்காரர்கள்தானே? யாரும் தொடாத குப்பை மேட்டைத் திருத்தி, அந்தத் தெருவுக்கு ஒரு மதிப்பு வந்த பிறகு, வந்த மதிப்பைக் காட்டியே அவர்களைக் கிளம்பச் சொல்வது அநியாயம். 2002-ல் மாநில அரசு வழக்கறிஞருக்கும் புது மேயருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் பெரும்பாலான தோட்டங்கள் தப்பின. சில, கட்டடங்களுக்குப் போயின.

சின்ன வெர்சாய் இந்தக் காலம் முழுவதையும் தாண்டி வந்தது.

கோடையில் நியூயார்க்கில் சூரியன் மறைய எட்டரை மணி ஆகிவிடும். திறந்தவெளியில் ஒன்பதுக்கு முன்னால் படம் ஓட்ட முடியாது. எங்கள் ஊர்த் திடல்களிலும் இந்தக் காத்திருப்பு உண்டு. ஏழு மணிக்கே பாயும் பிள்ளைகளுமாக வந்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கிற வரை படம் போட முடியாது என்று தெரியும், ஆனாலும் வந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, யாருக்கு எந்த விதை வேண்டும் என்று பேச்சு ஓடும். நாங்கள் செங்கல்லைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்போம். போன மாதம் ஒரு பாட்டி என்னிடம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவரை விதை பத்தைக் கொடுத்து, "படம் நல்லா இருந்தா அடுத்த வாட்டி பாகல் விதை தர்றேன்" என்றார். அந்த அவரைக்கொடி இப்போது என் வீட்டு மாடியில் ஏறியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடி அந்த ஊருக்குத்தான் போகிறோம்.

நன்றி, வணக்கம்.