ரெம்பிராண்ட் வீட்டு வடக்கு ஜன்னலை பினாங்குல வச்சா என்ன ஆகும்?

[காட்சி: சிவப்பு ஷட்டர் போட்ட ஆம்ஸ்டர்டாம் வீடு]

1656 ஜூலை. ஆம்ஸ்டர்டாம்ல ஒரு வீட்டுக்குள்ள அதிகாரிங்க நுழையறாங்க. ரூம் ரூமா போய் சாமானை எல்லாம் எழுதறாங்க. சிலை, கிளிஞ்சல், பவளம், ஆயுதம், ஓவியம்னு மொத்தம் 363 வரி. வீட்டுக்காரர் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், கடன்ல மூழ்கி திவால். அன்னிக்கு எழுதின அந்தப் பட்டியல் இல்லன்னா இன்னிக்கு அந்த வீட்டுக்குள்ள பாக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது!

வணக்கம் மக்களே. வரலாறை வேகமா முடிச்சிடறேன். அந்த வீட்டை 1639ல 13,000 கில்டருக்கு (அந்தக் கால டச்சுக் காசு) தவணையில வாங்கினார். கட்டி முடிக்கவே இல்ல. நடுவுல 1642ல அவரோட பெரிய ஓவியம் 'இரவுக் காவல்' முடிஞ்சுது, அதே வருஷம் மனைவி சாஸ்கியா இறந்துட்டாங்க. 1658ல வீடு 11,218 கில்டருக்குப் போச்சு. வாங்கின விலைகூட வரல. அவ்வளவுதான்.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வரேன். ஜன்னல்!

[காட்சி: பெரிய ஓவிய அறை, சாய்வா கட்டின வெள்ளைத் துணி]

படம் வரையற பெரிய ரூமுக்கு வெளிச்சம் வடக்கு ஜன்னல்லேர்ந்து வருது. ஆம்ஸ்டர்டாம் 52 டிகிரி வடக்குல இருக்கு. சூரியன் அங்க பெரும்பாலும் தெக்குப் பக்கம்தான் சுத்தும். கோடையில விடிகாலையும் அந்தி சாயறப்பவும் மட்டும் வடக்கே எட்டிப் பாக்கும். அதனால வடக்கு ஜன்னல்ல வர்றது வெயில் இல்ல, வான வெளிச்சம். காலையில போட்ட நிழல் சாயங்காலமும் அதே இடத்துல இருக்கும், கலந்த நிறமும் மாறித் தெரியாது.

"அப்ப பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியிலயும் வடக்கு ஜன்னலைத் திறந்துட்டா போச்சு"ன்னு நினைக்கறீங்களா? அங்கதான் மாட்டிக்குவீங்க. பினாங்கு இருக்கறது வடக்குல 5 டிகிரிக்கு கொஞ்சம் மேல. ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம உச்சி வெயில் வடக்குப் பக்கம்! ஜூன் மாசம் சூரியன் உதிச்சதுலேர்ந்து மறையற வரைக்கும் வடக்குலதான். ஆம்ஸ்டர்டாம் சூத்திரம் இங்க பாதி வருஷம் செல்லாது.

அதுல ஒரு வேடிக்கை. ஜூன் மத்தியானம் நமக்கு பெரிய தொல்லை இல்ல. உச்சி பொழுது இங்க 12க்கு வராது, ஏறக்குறைய 1.20க்குத்தான். அப்ப சூரியன் 72 டிகிரி உயரத்துல இருக்கும். ஜன்னலுக்கு மேல ஒரு அடி சன்ஷேடு நீட்டினா கீழே மூணு அடிக்கு நிழல். படுத்தறது காலை 9 மணியும் சாயங்காலம் 5 மணியும்தான். வெயில் தாழ்ந்து சாய்வா உள்ள வந்து கேன்வாஸ் மேலயே உக்காந்துக்கும்.

அதுக்கு மருந்து ரெம்பிராண்ட் வீட்டுலயே இருக்கு. ஜன்னல் தலைப்புலேர்ந்து ரூம் உள்பக்கமா சாய்ச்சு வெள்ளைப் பருத்தித் துணி கட்டுங்க. வெயில் அதுல பட்டு சிதறிடும். நீல கேன்வாஸ் தார்ப்பாய் வேண்டாம், முகமெல்லாம் நீலமாயிடும். எதிர்ச்சுவரையும் பாத்துக்குங்க. ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் தெருவுல எதிர்க்கடை வாசல்ல ஆரஞ்சு புடவை தொங்கினா உங்க படத்துல எல்லாருக்கும் மஞ்சள் காமாலை.

[காட்சி: பாதி நிழல் விழுந்த முகம்]

இன்னொண்ணு, கீழ் ஷட்டரை மூடிட்டு மேல் கதவை மட்டும் திறங்க. வெளிச்சம் உயரத்துலேர்ந்து ஒரு பக்கமா விழும். உக்காந்திருக்கறவரை மெதுவா திரும்பச் சொல்லுங்க. மூக்கு நிழலும் கன்ன நிழலும் ஒட்டற நிமிஷம், இருட்டுப் பக்கக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமா வெளிச்சம் நிக்கும். அகலம் கண்ணைத் தாண்டக்கூடாது, நீளம் மூக்கைத் தாண்டக்கூடாது. முக்கோணம் உடைஞ்சு கன்னம் முழுக்க வெளிச்சமானா ஜன்னல் பக்கம் ரொம்ப திரும்பிட்டார்னு அர்த்தம். நம்ம கல்யாண போட்டோகிராபருங்க 'ரெம்பிராண்ட் லைட்டிங்'னு சொல்றது இதைத்தான். நீங்க எடுத்த படத்துல முக்கோணம் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க. சப்ஸ்கிரைப் பண்றதை அப்புறம் பாத்துக்கலாம், பரவால்ல.

சரி, பட்டியல். அவருக்கப்புறம் வீட்டுக்கு மாடி ஏத்தினாங்க, உள்ளே எல்லாம் மாத்திட்டாங்க. 1911ல மியூசியம் ஆச்சு. 1990கள் கடைசியிலதான் அந்த 363 வரியைக் கையில வச்சுக்கிட்டு எந்த ரூம்ல எது இருந்துச்சுன்னு மறுபடி அடுக்கினாங்க.

பட்டியலோட கடைசியில சிலையும் இல்ல, ஓவியமும் இல்ல. சலவைக்குப் போயிருக்கற துணி. சட்டை, கைக்குட்டை, மேஜைவிரிப்பு. அப்ப வீட்டுல இல்லாததையும் விடாம எழுதிட்டுப் போயிருக்காங்க!