களரியில் கற்றவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கற்றலில் மனித உணர்வுகளுக்குள்ள இடத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராகவும், பின்னர் ஆசிரிய மாணவர்களுக்குக் கற்பித்தவராகவும் இருந்த எனக்கு, இதைவிட விருப்பமான விடயம் வேறில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நாளில் பாடசாலை வாயிலில் நிற்கும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களிற் சிலர் அங்கே நின்றுமிருப்பீர்கள். மண்டபத்துக்குள் மறந்துபோன கணக்கு, வெளியே வந்து தண்ணீர் குடித்ததும் பிள்ளைக்குத் தானாக நினைவுக்கு வருகிறது. "வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தாளே" என்று தாய் வியக்கிறார். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஒரு கணக்கைச் செய்து முடிக்கும்வரை இலக்கங்களைப் பிடித்து வைத்திருக்கும் நினைவு, இரண்டு மூன்று கொப்பிகள் மட்டுமே வைக்கக்கூடிய சிறிய மேசையைப் போன்றது. அதன்மீது சித்தியடையத் தேவையான வெட்டுப்புள்ளியையும், அம்மாவின் முகத்தையும், சென்ற ஆண்டு சித்தியடைந்த மச்சாளின் புள்ளியையும் நாம் ஏற்றிவைத்துவிட்டால், கணக்குக்கு இடம் எங்கே? சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன்னர் பத்து நிமிடம் தமது அச்சத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், அவ்வாறு எழுதாதவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். குறிப்பாக, அதிகம் பயந்தவர்களே அதிக நன்மை பெற்றார்கள். பயப்படாதே என்று அதட்டுவதைவிட, என்ன பயம் என்று கேட்பது பயனுள்ளது என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

இந்த இடத்தில் கூத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேற்செல்ல முடியாது. என்னை அறிந்த நேயர்கள், "தொடங்கிவிட்டார்" என்று இப்போது சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில், இரண்டாம் மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டு வயலுக்குப் போன மனிதர்கள், வடமோடி என்னும் பாணியிலான ஒரு கூத்தில் தாம் அரங்குக்குள் வரும் வரவையும், தருக்கள் எனப்படும் பாடல்களையும், வசனங்களையும், தாளக்கட்டுகளையும் விடிய விடிய ஆடுமளவுக்கு மனனம் செய்து வைத்திருப்பதை நான் இளமையிலிருந்து பார்த்து வருகிறேன். பாடசாலையில் ஒரு செய்யுளைக்கூடப் பாடமாக்க முடியாதவன் என்று பெயர் வாங்கியவர், கூத்தாடும் களமான களரியில் அருச்சுனனாக நின்று ஓரெழுத்துப் பிசகாமற் பாடுகிறார். அப்படியானால் அவருக்கு எப்போதும் நினைவாற்றல் இருந்திருக்கிறது. பாடசாலையில் இல்லாத எது களரியில் இருந்தது என்பதே என் கேள்வி.

முதலாவதாக, சட்டங்கொடுக்கும்போது, அதாவது கூத்துப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும்போது, ஒருவருடைய குரலையும் உடலையும் பார்த்து, இவருக்கு இந்தப் பாத்திரம் பொருந்தும் என்று ஊரே ஏற்றுக்கொள்கிறது. கற்கத் தொடங்குமுன்னரே அவருக்கு ஒரு மதிப்புக் கிடைத்துவிடுகிறது. அடுத்து, பழகும் இரவுகளிற் பிழைவிடுவது வழக்கமான காரியம்; பிழைவிட்டவரோடு சேர்ந்து எல்லோரும் அதே தருவை மீண்டும் பாடுகிறார்கள். சதங்கை அணியும் நாள் நெருங்க நெருங்க ஒரு பதற்றமும் வருகிறது. அந்தப் பதற்றம் தேவையானது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மென்மையானவர் என்று எண்ணிவிடாதீர்கள். மத்தளத்தை நிறுத்திவிட்டு அவர் ஏசுகிற ஏச்சு அடுத்த வளவுக்கும் கேட்கும். ஆனால் அந்தக் கோபம் கூத்துப் பிழைக்கிறதே என்பதற்காக வருவது, ஆடுகிறவரை இழிவுபடுத்துவதற்காக வருவதன்று என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். கண்டிப்புக்கும் அவமதிப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் நம்மைவிட விரைவாக உணர்ந்துகொள்கிறார்கள். இதை நான் ஆசிரிய மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்.

இது கூத்துப் பிரியன் ஒருவனின் கற்பனை அன்று. மூளையின் முன்பகுதியில் ஏற்பட்ட சேதத்தால் உணர்வு மழுங்கிய நோயாளர்கள், அறிவுச் சோதனைகளில் நல்ல புள்ளி பெற்றபோதிலும், அன்றாட வாழ்வில் முடிவெடுக்க இயலாது தடுமாறியதை நரம்பியல் அறிஞர் அந்தோனியோ தமாசியோ விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். 2007இல் அவரும் மேரி ஹெலன் இமோர்தினோ-யாங் என்பவரும் எழுதிய கட்டுரை, உணர்வை நீக்கிவிட்டுக் கற்றலைப் பற்றிப் பேச முடியாது என்றே வாதிடுகிறது.

உணர்வு நினைவை வலுப்படுத்தும். எதை வலுப்படுத்தும் என்பதுதான் சிக்கல். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலையில் தாம் எங்கே நின்றோம், யார் கையைப் பிடித்திருந்தோம் என்பதை நம் கரையோர மக்கள் இன்றும் சொல்வார்கள். அக்காலையை அணுவணுவாக நினைவில் வைத்திருந்த பிள்ளை, அடுத்த தவணையில் வாய்ப்பாட்டை மறந்துபோனதை மந்தம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் மனம், கரும்பலகையில் எப்படி நிலைக்கும்? யுத்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதை உணர்ந்திருந்தது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். அதைப் படிப்புக்கு இடையிலான பொழுதுபோக்கு என்று கருதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. படிப்பு மீண்டும் தொடங்குவதற்கான நிலத்தை அதுவே பண்படுத்தியது.

பதின்ம வயதினரைப் பற்றி ஒரேயொரு வேண்டுகோள். அந்த வயதில் சக மாணவரின் பார்வையே உலகம். ஆகையால் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வகுப்பில் உரத்து வாசிக்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் தயவுசெய்து கைவிட வேண்டும்.

முதுமைக் காலக் கற்றலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல எண்ணியிருந்தேன். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார், என் கூத்துதான் நேரத்தைத் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். தமக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் மனத்துக்கு நெருக்கமானவற்றையே நாடுகிறார்கள் என்று உளவியலாளர் லோரா காஸ்டென்சன் விளக்குகிறார். கட்டாரிலுள்ள மகளின் முகத்தைப் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியில் காணொளி அழைப்பைக் கற்றுக்கொண்ட அம்மம்மா உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். பேரப்பிள்ளை ஒருமுறை சலித்துக்கொண்டால் அவர் கேட்பதையே நிறுத்திவிடுவார். எனவே மூத்தோருக்குக் கணினி வகுப்பு நடத்துகிறவர்கள், விசைப்பலகையைப் பின்னுக்கு வைத்து, பிள்ளைகளோடு பேசும் வழியை முதல் நாளிலேயே காட்டிக் கொடுங்கள். மற்றவற்றை இன்னொரு வாய்ப்புக் கிடைத்தாற் பேசுவேன். வணக்கம்.