லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஹோட்டல் என்றதும் நம்மில் பலருக்கு சாம்பார் மணம்தான் நினைவுக்கு வரும். தங்குகிற இடத்தை லாட்ஜ் என்போம், விடுதி என்போம். ஹோட்டல் என்றால் சாப்பாடு. ஜெர்மனியில் நான் தங்கிய வீட்டு வாசலில் 'ஹோட்டல் கார்னி' என்று எழுதியிருந்தது. கார்னி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தால், படுக்கையும் காலை உணவும் கிடைக்கும், மற்ற வேளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். அது தெரியாததால் முதல் இரவு பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துப் படுத்தேன்.

ஊரின் பெயர் ரேகன்ஸ்பர்க். பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது. நூரெம்பர்க்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நான் போய் இறங்கிய நாள் நவம்பர் 1. கத்தோலிக்கர் இறந்தவர்களின் கல்லறைகளுக்குச் சென்று விளக்கேற்றும் காலம் அது. பவேரியாவில் அன்று அரசு விடுமுறை. கடைத்தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. அந்த பிஸ்கட்டும் ரயில் நிலையத்துக் கடையில் வாங்கியதுதான்.

நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். முதலில் வருவது மாக்சிமிலியன் தெரு. அகலமாக, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய ஊர்களில் ஒரு தெரு இப்படி நேராக ஓடினால் நான் உடனே சந்தேகப்படுவேன். ஏதோ ஒரு காலத்தில் அங்கே தீப்பிடித்திருக்கும். இங்கும் அப்படித்தான். 1809 ஏப்ரலில் நெப்போலியனின் பீரங்கிகள் இந்தப் பகுதியை எரித்துத் தள்ளின. அதே சண்டையில் நெப்போலியனின் காலிலும் ஒரு குண்டு உரசியது. சாம்பலுக்கு மேல் போட்ட தெரு இது. இதைத் தாண்டினால் நேர்கோடு என்பதே கிடையாது. சந்துகள் வளைகின்றன, ஒடுங்குகின்றன, யாரோ ஒருவர் வீட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவருகின்றன. கல் பாவிய தரையில் என் சக்கரப் பெட்டி எழுப்பிய சத்தம் இருக்கிறதே, அந்த இரவில் தெருவே விழித்துக்கொண்டிருக்கும்.

விடுதிக் கதவு பூட்டியிருந்தது. சிறிய விடுதிகளில் இரவெல்லாம் வரவேற்பு மேசையில் ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. வாசலில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி ஒன்று இருக்கும். வருகிறவர் தானே திறந்து சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பித்தான் இருந்தார்கள். ஜெர்மன் மொழியில் நீளமாக இருந்த அந்தக் கடிதத்தின் கடைசி வரியில். நான் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, விலையைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டவன். தொலைபேசியில் கூப்பிட்டதும் விடுதிக்காரம்மா வந்துவிட்டார்; பக்கத்துச் சந்தில்தான் வீடு. எழுபதைத் தாண்டியவர். திட்டவில்லை. "கிரூஸ் கோட்" என்றார். பவேரியாவில் வணக்கம் சொல்வது அப்படித்தான். கடவுள் உன்னை வாழ்த்தட்டும் என்பதுபோல ஒரு பொருள். பிறகு என் பெட்டியை ஒரு பார்வை, படியை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

ஐம்பத்தெட்டுப் படிகள். முதல் மாடி வரை கல், அதற்கு மேல் மரம். நடுவில் குழிந்து, ஓரத்தில் மட்டும் பழைய உயரத்தில் நிற்கும் படிகள். எத்தனை தலைமுறைக் கால்கள் தேய்த்த குழியோ! லிஃப்ட் ஏன் வைக்கவில்லை என்று மறுநாள் கேட்டேன். அந்த அம்மா விரலை மடக்கினார். கீழ்த்தளத்து வளைகூரையை உடைக்க வேண்டும். அதற்குத் தொல்சின்னப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும், கிடைக்காது. கிடைத்தாலும் குழி தோண்ட வேண்டும். தோண்டினால் ரோமானியர் வந்துவிடுவார்கள்.

கடைசியாகச் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை. கி.பி. 179இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் இங்கே ஒரு படைக்கோட்டை எழுந்தது. அதன் வடக்கு வாசலின் ஒரு பகுதி இன்றும் பேராலயத்துக்குப் பின்புறத் தெருவில், சுண்ணாம்பு பூசிய சாதாரணக் கட்டடத்தின் சுவரோடு சுவராக நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் இடிக்கவில்லை, அப்படியே வைத்துக் கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் எதையும் தோண்டுவதற்கு முன் தொல்லியலாளரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்தால் ஒப்பந்தக்காரர் பெருமூச்சு விட வேண்டும்.

அறைக்கு வருவோம். கட்டில் இருவருக்கானது. ஆனால் மெத்தை இரண்டு, போர்வையும் இரண்டு. கணவன் மனைவியாக வந்தாலும் இறகு திணித்த போர்வையை ஆளுக்கொன்றாக மடித்து வைத்துவிடுவார்கள். நடு இரவில் இழுபறி கிடையாது. இரண்டு மெத்தைகளுக்கு இடையில் விழும் பள்ளத்துக்கு ஜெர்மானியர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் 'விருந்தாளி இடுக்கு'. வந்த விருந்தாளியை நடுவில் படுக்கப் போடுவார்களாம். தலையணை எண்பது சென்டிமீட்டருக்கு எண்பது, சரியான சதுரம். தலையை வைத்தால் காது வரை முங்கிப்போகும். ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர், அதன் திருகில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். நான் ஐந்தில் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது யாரோ மூன்றுக்கு இறக்கி, ஜன்னலையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். எவ்வளவு குளிரானாலும் தினமும் சில நிமிடங்கள் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுவது அங்கே பல் தேய்ப்பதுபோன்ற கடமை. இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம்.

குளியலறை என்பது அறையின் ஒரு மூலையைத் தடுத்து, பின்னாளில் சொருகியது. சோப்பை எடுக்கக் குனிந்தால் முழங்கை கண்ணாடியில் இடிக்கும். ஒரு காலத்தில் இத்தகைய வீடுகளில் ஒரு மாடிக்கே ஒரு கழிப்பறைதான், அதுவும் நடையில். அதை நினைத்துக்கொண்டு முழங்கையைத் தடவிக்கொண்டேன்.

முதல் இரவில் இன்னொன்றும் நடந்தது. மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்; உருண்டது. மேசையிலிருந்து விழுந்து, தரையிலும் நிற்காமல் ஓடி, அலமாரிக்கு அடியில் மறைந்தது. தரை சாய்ந்திருக்கிறது! சோதித்துப் பார்க்கலாம் என்று பையிலிருந்த கமலா ஆரஞ்சைக் கதவருகே வைத்தேன். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்லக் கிளம்பி, பலகைகளின் மேல் தத்தித் தத்தி, அதே அலமாரியை நோக்கிப் போய் முட்டி நின்றது. அலமாரி தேக்கோ ஓக்கோ, அசைக்க முடியவில்லை. ஆரஞ்சை மீட்டேன். பேனாவை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை உணவறையில் ஏழெட்டுப் பேர். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் எல்லா மேசைக்கும் பொதுவாகக் காலை வணக்கம் சொல்கிறார்; எல்லா மேசைகளிலிருந்தும் முணுமுணுப்பாகப் பதில் வருகிறது. அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேல் பக்கம் மொறுமொறுவென்ற சிறு ரொட்டிகள். ஜெர்மனியில் பல இடங்களில் அதற்கு வேறு பெயர் உண்டு, பவேரியாவில் ஸெம்மல். வெண்ணெய், பாலாடைக்கட்டி, பழ ஜாம், இறைச்சித் துண்டுகள். வேகவைத்த முட்டைக்குக் கம்பளியில் பின்னிய குல்லாய். ஆறிவிடக் கூடாதே! மேசைக்கு மேசை விரல் நீள உயரத்தில் ஒரு குட்டிக் குப்பைத்தொட்டி, முட்டை ஓட்டுக்கும் வெண்ணெய்க் காகிதத்துக்கும். சுவரில் ஒரு மரியாதையான அறிவிப்பு: மதியத்துக்கு ரொட்டி எடுத்துச் செல்ல விரும்புவோர் தனியாகக் கட்டணம் செலுத்தலாம். அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

அன்று நவம்பர் 2. கெப்ளர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தேதி.

கோள்கள் சூரியனை வட்டத்தில் சுற்றவில்லை, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டறிந்த அதே ஜொஹான்னஸ் கெப்ளர். 1630இல் அவருக்கு வயது 58. ஜெர்மன் நாடுகள் அடங்கிய அன்றைய புனித ரோமப் பேரரசில், பேரரசரின் கணிதராக உழைத்ததற்கு அரசு அவருக்குப் பல ஆயிரம் கில்டர் பாக்கி வைத்திருந்தது. அந்த ஆண்டு பேரரசரும் சிற்றரசர்களும் ரேகன்ஸ்பர்க்கில் கூடியிருந்தார்கள். நேரில் கேட்டால் கிடைக்கும் என்று, இன்று போலந்தில் இருக்கும் சாகன் ஊரிலிருந்து குளிரில் குதிரையேறி வந்தார். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கினார். வந்த சில நாட்களில் காய்ச்சல். நவம்பர் 15 அன்று அந்த வீட்டிலேயே இறந்தார். ஊர் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போர் வந்து அந்தக் கல்லறைத் தோட்டத்தையே அழித்துவிட்டது. வானத்தை அளந்தவரின் புதைகுழி எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது. வீடு மட்டும் இருக்கிறது, கெப்ளர் தெரு, ஐந்தாம் எண். என் விடுதியிலிருந்து நான்கு நிமிட நடை. அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தபோது, பெரிய மனிதர் இறந்த இடம் என்ற பக்தியைவிட, வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்தவனின் கலக்கம்தான் எனக்கு முதலில் தோன்றியது.

இது வந்து தங்குகிறவர்களை வைத்துப் பிழைத்த ஊர். பேரரசின் நாடாளுமன்றம் 1663இல் இங்கே கூடியது. கூடியது கூடியதுதான், 1806 வரை கலையவே இல்லை. தூதர்கள் 143 ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். பழைய நகர மன்றத்தில் அவர்கள் உட்கார்ந்த மண்டபத்தைக் காட்டுகிறார்கள். ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கு ஜெர்மன் மொழியில் 'நீண்ட பெஞ்சுக்குத் தள்ளுவது' என்பார்கள். இங்கிருந்த பெஞ்சிலிருந்துதான் அந்தச் சொல் பிறந்தது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கெப்ளரின் பாக்கியும் ஒரு பெஞ்சில் கிடந்ததுதானே!

தூதர்கள் போன பிறகு ஊர் நொடித்தது. 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் வேறு ஊர்களைத் தேடிப் போயின. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. ரேகன்ஸ்பர்க்கின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஓரமாகச் சொல்லிப் போவார்கள்; என்னைக் கேட்டால் இதுதான் முதல் வரி. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது ஏறத்தாழ ஆயிரம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இந்தச் சிறிய பரப்பில் இருந்தன. பணக்கார ஊராக இருந்திருந்தால் நூறு மிஞ்சியிருக்குமா?

இரண்டாம் உலகப் போரில் ஊர் தப்பியதற்கு அதிர்ஷ்டத்தோடு ஓர் உயிரும் சேர்ந்திருக்கிறது. 1943 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் நகருக்கு வெளியே இருந்த விமானத் தொழிற்சாலையைத்தான் குறிவைத்தன. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, சண்டையின்றி ஊரை ஒப்படையுங்கள் என்று மக்கள் திரண்டு கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய பேராலயப் போதகர் ஜொஹான் மையரை நாஜிகள் அன்றிரவே விசாரித்து, ஏப்ரல் 24 அதிகாலை தூக்கிலிட்டார்கள். மூன்று நாள் கழித்து ஊர் சண்டையின்றியே ஒப்படைக்கப்பட்டது. வெறும் மூன்று நாள். 1135இல் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் கட்டிய கல் பாலத்தின் ஒரு பகுதியைப் பின்வாங்கிய ஜெர்மன் படையே வெடிவைத்துத் தகர்த்திருந்தது. அதைப் பிறகு சரிசெய்தார்கள். இன்று அதில் வண்டிகள் போவதில்லை. நவம்பர் பனியில் நடந்தால் அடுத்த வளைவு தெரியாது, கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

எல்லாமே இப்படிக் காப்பாற்றப்பட்டவை அல்ல. விடுதியிலிருந்து மறுபக்கம் நடந்தால் நொய்ஃபார் சதுக்கம். 1519 வரை அங்கே யூதர்களின் குடியிருப்பு இருந்தது. அந்த ஆண்டு நகர மன்றம் அவர்களை விரட்டி, வீடுகளையும் தொழுகைக் கூடத்தையும் இடித்தது. இடிப்பதற்கு முன் அந்தக் கூடத்தைப் படமாக வரைந்து வைத்தவர் ஓவியர் அல்ப்ரெக்ட் அல்ட்டோர்ஃபர். அவரும் அந்த மன்றத்து உறுப்பினர்தான். இந்த முரணை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கல்லறைக் கற்களைப் பெயர்த்து, எபிரேய எழுத்துத் தெரியும்படி வெற்றிச் சின்னமாகச் சில வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள். தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் இப்போது இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் அமைத்த தாழ்ந்த வெள்ளைத் தளம் இருக்கிறது, பழைய கட்டடத்தின் அடித்தள வடிவத்தில். பள்ளிவிட்ட பிள்ளைகள் அதில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

நான்காம் இரவு கழிந்து, ஐந்தாம் தேதி காலை கணக்கு முடித்தேன். பேனா போன கதையை அந்த அம்மாவிடம் சொன்னேன். நான் தடுத்தும் கேட்காமல் ஐம்பத்தெட்டுப் படிகளும் ஏறி வந்தார், கையில் துடைப்பக் கட்டையோடு. என்னைவிடக் குறைவாகத்தான் மூச்சு வாங்கினார். அலமாரிக்கு அடியில் கட்டையை விட்டு ஒரு வீச்சு. என் பேனா வந்தது. கூடவே ஒரு சட்டைப் பொத்தான், ஒரு கொண்டை ஊசி, பத்து பென்னிக் நாணயம் ஒன்று. ஜெர்மனி யூரோவுக்கு மாறியது 2002இல். அதற்கு முன் எப்போதோ எவர் சட்டைப் பையிலிருந்தோ விழுந்து உருண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. செல்லாக் காசுதானே என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய மார்க்கையும் பென்னிக்கையும் மத்திய வங்கி இன்றைக்கும் மாற்றித் தருகிறது, அதற்குக் கெடுவே கிடையாது என்றார். இது ஐந்து சென்ட் பெறும்.

கீழே வந்ததும் வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு ஊறுகாய் ஜாடியை எடுத்தார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது: பொத்தான்கள், கம்மல்கள், பென்சில் துண்டுகள், கோலிக்குண்டு ஒன்று. எல்லாம் அந்த ஓர் அறையில் உருண்டவை. நாணயத்தைத் துணியில் துடைத்து உள்ளே போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார், ரசீதில் கையெழுத்துப் போட.