லேப் டேட்டா வேலை: லிம்ஸ் பக்கம் வரணும்னா என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

வணக்கம். முதல்ல என் கையில இருக்கிற இந்த ரெண்டு டெஸ்ட் டியூபைப் பாருங்க. கேமரா கிட்ட கொண்டு வர்றேன். ரெண்டுலயும் ஒரே லேபிள், ஒரே நம்பர். இடது கை டியூப்ல லேபிளை நீளவாக்குல ஒட்டியிருக்கு. டியூபை நிமிர்த்திப் பிடிச்சா பார்கோடு ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்கா தெரியுதா? வலது கை டியூப்ல அதே லேபிளைக் குறுக்கே சுத்தி ஒட்டியிருக்கு. கோடெல்லாம் வேலிக்கம்பு மாதிரி நிக்குது, ஓரத்துல நாலஞ்சு கோடு வளைவுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு.

இடது கை டியூபை அனலைசர், அதாவது டெஸ்ட் பண்ற மெஷின், டக்குனு படிச்சிடும். வலது கை டியூப் படிக்காது. படிக்கலைன்னா என்ன நடக்கும்? அவசரத்துல யாராவது நம்பரைக் கையால தட்டுவாங்க. ஒரு இலக்கம் மாறினா போதும், ஒருத்தரோட ரிசல்ட் இன்னொருத்தர் ரிப்போர்ட்ல போய் உக்காந்துரும். அப்புறம் "சிஸ்டம் தப்பு பண்ணுது"ன்னு டிக்கெட் வரும். அந்த டிக்கெட் யார் மேசைக்கு வருதோ, அவங்க வேலையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல பேரு. லிம்ஸ்னு சொன்னா ஆய்வகத் தகவல் மேலாண்மை அமைப்பு. மருந்து, தண்ணி, உணவு, பெட்ரோலியம் மாதிரி லேப்ல சாம்பிளையும் பேட்சையும் மையமா வச்சு ஓடும். ஆஸ்பத்திரி லேப்ல இருக்கிறது எல்ஐஎஸ், அங்க நோயாளிதான் மையம். ஈஎல்என் ஆராய்ச்சிக் குறிப்பேடு. சிடிஎஸ் குரோமட்டோகிராபி, அதாவது கலவையைப் பிரிச்சு அளக்கிற சோதனை, அந்த டேட்டாவுக்கு; எம்பவர், குரோமிலியான் எல்லாம் அந்த வகை. வேலை விளம்பரத்துல இதையெல்லாம் கலந்துகட்டி எழுதியிருப்பாங்க. எந்த அமைப்புன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம விண்ணப்பிக்காதீங்க, ஏன்னா தினசரி வாழ்க்கையே வேற. ஆஸ்பத்திரி எல்ஐஎஸ் 24 மணி நேரமும் ஓடும், ராத்திரி 2 மணிக்குப் போன் வரும். மருந்து கம்பெனி லிம்ஸ்ல ராத்திரி போன் குறைவு, ஆனா ஒரு புலத்தோட, அதாவது திரையில நிரப்புற ஒரு கட்டத்தோட, பேரை மாத்தணும்னாக்கூட சேஞ்ச் கன்ட்ரோல்னு மாற்றத்துக்கு அனுமதி வாங்குற பேப்பர் ஓட்டணும்.

"எனக்கு கோடிங் வராதே"ன்னு நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க. இந்தத் துறையில ஆள் கிடைக்காம தவிக்கிற இடம் கோடிங் இல்லைங்க, மாஸ்டர் டேட்டா. லேபோட ஒவ்வொரு டெஸ்ட்டையும் சிஸ்டத்துக்குப் புரியுற மாதிரி எழுதி வைக்கிற வேலை. பாக்க குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனா இங்க விழுற தப்புதான் ரிப்போர்ட் வரைக்கும் சத்தமில்லாம போகும்.

ஒரு டெஸ்ட்டை எடுத்துக்குவோம், ரத்த குளுக்கோஸ். ஒரு டெஸ்ட்தானேன்னு தோணும். டெஸ்ட் கோடு, சாம்பிள் வகை, டியூப் வகை, அலகு, எத்தனை தசம இலக்கம், வயசு வாரியா நார்மல் அளவு, உடனே போன் பண்ண வேண்டிய ஆபத்து அளவு, எந்த மெஷின், அந்த மெஷின் இதுக்கு வச்சிருக்கிற பேரு, எத்தனை மணி நேரத்துல ரிப்போர்ட். இவ்வளவும் நிரப்பணும். வெளி அமைப்புக்கு அனுப்பணும்னா லோயிங்க் கோடும் வேணும், அது டெஸ்ட்டுக்கான பொது அடையாளக் குறியீடு. இங்கதான் கவனம். சீரம் குளுக்கோஸை மில்லிகிராம்/டெசிலிட்டர்ல சொன்னா கோடு 2345-7. அதையே மில்லிமோல்/லிட்டர்ல சொன்னா 14749-6. 90 மில்லிகிராமும் 5 மில்லிமோலும் ஒரே அளவுதான், 18 ஆல வகுத்தா வரும். ஆனா கோடு வேற. அலகை மாத்திட்டுக் கோடை மாத்த மறந்தா, வாங்குற சிஸ்டம் ரெண்டையும் ஒரே கிராஃப்ல போட்டு, 90-லேர்ந்து 5-க்குச் சர்க்கரை விழுந்த மாதிரி காட்டும்.

இதாவது பாத்த உடனே தெரிஞ்சிடும். தெரியாம ஓடுற தப்பு ரெண்டு இருக்கு.

ஒண்ணு, "<0.5". மெஷினால அளக்க முடியாத அளவுக்குக் குறைவா இருந்தா இப்படித்தான் வரும். சிஸ்டத்துல அந்தப் புலத்தை எண்ணுன்னு அமைச்சிருந்தா, சில அமைப்பு நிராகரிச்சிடும். அது பரவாயில்லை, கண்ணுல படும். சில அமைப்பு அந்தச் சின்னத்தை மட்டும் விட்டுட்டு 0.5-னு சேமிச்சிடும். ஆறு மாசம் கழிச்சு யாரோ சராசரி எடுப்பாங்க, அது தப்பா வரும், ஏன்னு யாருக்கும் தெரியாது. சின்னத்தை ஒரு புலத்துலயும் எண்ணை இன்னொரு புலத்துலயும் வைங்க. மருத்துவ சிஸ்டங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுற எச்எல்7-ங்கிற முறையில, எஸ்என்னு ஒரு டேட்டா வகை இதுக்குன்னே இருக்கு.

இன்னொண்ணு ரவுண்டிங். ஒரு மருந்துல அசுத்தம் 0.5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வரம்பு. கணக்கு போட்டா 0.54 வருது. பாஸா, ஃபெயிலா? அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பி விதிப்படி வரம்பு எத்தனை தசமத்துல இருக்கோ அத்தனைக்கு ரவுண்ட் பண்ணிட்டுத்தான் ஒப்பிடணும். 0.5 ஆகுது, பாஸ். சிஸ்டத்தை "முதல்ல ஒப்பிடு, அப்புறம் ரவுண்ட் பண்ணு"ன்னு அமைச்சிருந்தா ஃபெயில். இதுக்குள்ளேயே இன்னொரு வம்பு இருக்கு: 0.25-ஐ ஒரு தசமத்துக்குக் கொண்டு வந்தா எக்செல் 0.3-னு சொல்லும், பைத்தானோட ரவுண்ட் 0.2-னு சொல்லும். பைத்தான் சரிபாதியில நிக்கிற எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுற வழக்கம். லிம்ஸுக்குள்ள எந்த வழக்கம் ஓடுதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்காம ஒரு ஃபார்முலாவைக்கூட லைவ்ல விடாதீங்க.

அடுத்து இன்டர்ஃபேஸ். மெஷினையும் சிஸ்டத்தையும் பேச வைக்கிற வேலை. எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச மூலை இதுதான். ஆஸ்பத்திரி அனலைசர் நிறைய இன்னும் ஏஎஸ்டிஎம்-ங்கிற பழைய முறையிலதான் பேசும். மெஷின் முதல்ல "பேசலாமா?"ன்னு ஈஎன்கியூ அனுப்பும். இந்தப் பக்கம் "சரி"ன்னு ஏசிகே சொல்லணும். 15 வினாடிக்குள்ள பதில் இல்லைன்னா மெஷின் விட்டுடும். அப்புறம் ஃபிரேம் ஃபிரேமா டேட்டா வரும், ஒவ்வொண்ணோட கடைசியிலயும் செக்சம்னு ஒரு சரிபார்ப்பு எண். கூட்டிப் பாத்து ஒத்துப் போகலைன்னா "சரியில்லை"ன்னு என்ஏகே சொல்லணும், மெஷின் அதே ஃபிரேமைத் திரும்ப அனுப்பும். சீரியல் கேபிள்ல வேகம் ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 19200-னு இருந்தா லாக்ல குப்பை எழுத்தா வரும். குப்பையா வந்தா அமைப்பைப் பாருங்க, ஒண்ணுமே வரலைன்னா கேபிளைப் பாருங்க.

ஹோஸ்ட் குவெரின்னு ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். டியூபோட பார்கோடைப் படிச்சதும் மெஷின் "இதுக்கு என்ன டெஸ்ட் போடணும்?"னு சிஸ்டத்தைக் கேக்கும். சிஸ்டம் மெதுவா பதில் சொன்னா மெஷின் காத்திருக்காது, ஆர்டர் இல்லைன்னு டியூபைத் தள்ளிட்டுப் போயிடும். காலையில ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் டியூப் தவறுதுன்னு புகார் வந்தா, மெஷினை நோண்டாதீங்க. அந்த நேரத்துல டேட்டாபேஸ்ல எந்தப் பெரிய ரிப்போர்ட் ஓடுதுன்னு பாருங்க.

எச்எல்7 பக்கம் வந்தா, ரிசல்ட்டைச் சுமக்கிற ஓபிஎக்ஸ்-ங்கிற வரியை மனப்பாடமா படிக்கத் தெரியணும். 3-வது புலம் என்ன டெஸ்ட், 5-வது மதிப்பு, 6-வது அலகு, 7-வது நார்மல் அளவு, 11-வது நிலை. அந்த 11-வதை யாரும் மதிக்கிறதில்லை. எஃப்னா இறுதி, சி-னா திருத்தப்பட்டது. திருத்தின ரிசல்ட்டையும் எஃப்னே அனுப்பினா, டாக்டர் பாக்குற திரையில எண் மட்டும் சத்தமில்லாம மாறிடும், ஏற்கெனவே பாத்தது தப்புன்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

வேலிடேஷன், அதாவது சிஸ்டம் சரியா வேலை செய்யுதுன்னு சோதிச்சு எழுத்துல நிரூபிக்கிறது, மூணாவது பெரிய பாதை. மருந்துத் துறையில ஆள் தேவை அதிகம். அமெரிக்காவோட 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 விதி 1997-லேர்ந்து நடைமுறையில இருக்கு, மின்னணுப் பதிவுக்கும் கையெழுத்துக்கும் அதுதான் அடிப்படை. அதோட, கம்ப்யூட்டர் சிஸ்டத்தை வேலிடேட் பண்றதுக்கான கேம்ப் 5 வழிகாட்டியோட 2022 பதிப்பையும் படிங்க. வேலை என்னன்னா, தேவைகளை எழுதணும், நிறுவல், இயக்கம், செயல்திறன்னு ஐக்யூ, ஓக்யூ, பிக்யூ சோதனை ஓட்டணும், ஒவ்வொரு தேவைக்கும் எந்தச் சோதனை பதில் சொல்லுதுன்னு அட்டவணை போடணும். கெட்டுப் போறது பெரும்பாலும் முதல் படியிலேயே. "சிஸ்டம் வேகமா இருக்கணும்"னு எழுதினா அதை எப்படிச் சோதிப்பீங்க? "500 சாம்பிள் பட்டியல் 3 வினாடிக்குள்ள திறக்கணும்"னு எழுதுங்க. சரியா வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, தப்பான ஆள் அப்ரூவ் பட்டனை அமுக்கினா தடுக்குதான்னும் பாக்கணும்.

ஆடிட் டிரெயில்னா சிஸ்டத்துல நடந்த மாற்றங்களோட பதிவு. அதுல யாரு, எப்போ, பழைய மதிப்பு, புது மதிப்பு, ஏன் மாத்தினாங்க, இந்த அஞ்சும் இருக்கணும். ஷிஃப்ட் முழுக்க ஒரே லாகின்ல நாலு பேர் வேலை பாத்தா இந்த அஞ்சுல முதலாவதே செத்துப் போச்சு. டெஸ்ட் பண்றவர் கையிலேயே அட்மின் உரிமையும் கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாத்துற உரிமையும் இருந்தா, ஆய்வுக்கு வர்றவங்க முதல்ல எழுதுற குறை அதுதான்.

அட்மின் வேலை, ரிப்போர்ட் எழுதுற வேலை எல்லாம் இதோட ஒட்டினதுதான். லேப்வேர், லேப்வான்டேஜ், ஸ்டார்லிம்ஸ், சாம்பிள்மேனேஜர்னு எந்தப் பொருளானாலும் அடியில டேட்டாபேஸ்தான், அதனால டேட்டாபேஸைக் கேள்வி கேக்குற மொழியான எஸ்கியூஎல் கட்டாயம். ஆழமா வேண்டாம், ரெண்டு டேபிளைச் சேர்க்கிற ஜாயின் தெளிவா இருந்தா போதும். பாக்கி இருக்கிற சாம்பிள் பட்டியல் எடுக்கச் சொன்னா, புதுசா வர்றவங்க சாம்பிள் டேபிளையும் ரிசல்ட் டேபிளையும் இன்னர் ஜாயின் பண்ணுவாங்க. ரிசல்ட்டே வராத சாம்பிள் அந்தப் பட்டியல்லேர்ந்து காணாமப் போயிடும். நாம தேடினதே அதைத்தானே! ஏன்னா இன்னர் ஜாயின் ரெண்டு டேபிள்லயும் இருக்கிறதை மட்டும்தான் காட்டும். அங்க, சாம்பிள் எல்லாத்தையும் விடாம காட்டுற லெஃப்ட் ஜாயின் போடணும்.

எக்செலைப் பத்திச் சொல்லாம இருக்க முடியலை. 2020 செப்டம்பர் கடைசியிலேர்ந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் இங்கிலாந்துல 15,841 கோவிட் கேஸ் அன்றாடக் கணக்குல சேராம போச்சு. லேப்லேர்ந்து வந்த டேட்டாவைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புல ஏத்தினாங்க, அதுல 65,536 வரிசைக்கு மேல இடமில்லை. அதே வருஷம் மரபணுப் பேரு வைக்கிற குழு, மார்ச்1-ங்கிற மரபணுவோட பேரை மார்ச்எஃப்1-னு மாத்தின செய்தி பரவலாச்சு, ஏன்னா எக்செல் அதைத் தேதியாக்கிடுது. உங்க சாம்பிள் நம்பர் 12ஈ5 (12E5) மாதிரி இருந்தா, எக்செல் அதை 12-க்குப் பின்னாடி அஞ்சு சுழியம்னு எடுத்துக்கும், 12 லட்சமாயிடும். அதனால நம்பர் அமைப்பை முடிவு பண்ணும்போதே எண்ணுக்கு நடுவுல ஈ வராம, முன்னாடி சுழியம் வராம பாத்துக்கங்க.

யாருக்கு இந்த வேலை எளிது? என்னைக் கேட்டா பெஞ்ச்ல, அதாவது லேப் மேசையில, நின்னு டெஸ்ட் பண்ணினவங்களுக்கு. பொட்டாசியம் எகிறியும் கால்சியம் சரிஞ்சும் ஒண்ணா வந்தா, இது ஈடிடிஏ டியூப் (ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்ட டியூப்) ரத்தம் கலந்த சாம்பிளோன்னு அவங்களுக்கு உடனே சந்தேகம் வரும், ஏன்னா அந்த டியூப்ல இருக்கிற பொட்டாசிய உப்பு கால்சியத்தைப் பிடிச்சுக்கும். ரிசல்ட்டைச் சிஸ்டமே பாத்து வெளியிடுற ஆட்டோ வெரிஃபிகேஷன் விதியில இதை நிறுத்தி வைக்கணும்னு அவங்களுக்குத் தானா தோணும். ஐடியிலேர்ந்து வர்றவங்களுக்கு அது வெறும் ரெண்டு எண். அவங்க ஒரு மாசமாவது லேப்ல நின்னு, சாம்பிள் உள்ள வர்றதுலேர்ந்து ரிப்போர்ட் போற வரைக்கும் கூடவே நடந்து பாக்கணும்.

இன்டர்வியூல அடிக்கடி வர்ற கேள்வி: "ரிசல்ட் சிஸ்டத்துல வரலை, எப்படித் தேடுவீங்க?" உடனே டேபிளைத் திறப்பேன்னு சொல்லாதீங்க. மெஷின் திரையில ரிசல்ட் இருக்கா, மெஷின் அதை அனுப்பினதா காட்டுதா, நடுவுல இருக்கிற மிடில்வேர்ல நிக்குதா, இன்டர்ஃபேஸ் பிழை வரிசையில கிடக்கா, சாம்பிள் சிஸ்டத்துல பெற்றுக்கொண்ட நிலைக்கு வந்துச்சா, டெஸ்ட் பேரு பொருத்தம் இருக்கா. இந்த வரிசையில மெஷின்லேர்ந்து ரிப்போர்ட் பக்கமா நடந்து வாங்க.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். செனைட்னு ஒரு திறமூல லிம்ஸ் இருக்கு, டாக்கர்ங்கிற மென்பொருள் மூலமா உங்க கம்ப்யூட்டர்லயே ஏத்திக்கலாம். மூணு சாம்பிள் வகை, அஞ்சு டெஸ்ட், அதுக்கு அலகு, வரம்பு எல்லாம் அமைங்க. பொய் அனலைசரா ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி ரிசல்ட்டை சிஎஸ்வி கோப்பா துப்ப வைங்க, அதை உள்ள இழுங்க. சரியா வந்ததும் கெடுக்க ஆரம்பிங்க. ஒரே பார்கோடை ரெண்டு தடவை அனுப்புங்க. "<0.5" அனுப்புங்க. ரீரன் மாதிரி அதே டெஸ்ட்டுக்கு வேற மதிப்பை அனுப்பி, பழசு அழியுதா, ஆடிட் டிரெயில்ல நிக்குதான்னு பாருங்க. கடைசியா கோப்பு பாதி ஏறும்போது நெட்வொர்க்கைப் பிடுங்கிட்டு, திரும்ப இணைச்சதும் எத்தனை ரிசல்ட் உள்ள வந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க.