அடி வாங்குபவனைப் பாருங்கள்

(மல்யுத்த ரசிகர்களின் மாலைக் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது பள்ளி நாட்களில் டிரம்ப் கார்டு விளையாடியிருப்பீர்கள். அட்டையில் மல்யுத்த வீரரின் படம் இருக்கும். கூடவே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள் என்று வரிசையாக எண்கள். எதிராளியின் எண்ணை நம் எண் வென்றால் சீட்டு நமக்கு. சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சண்டையைக்கூட முழுதாகப் பார்த்திராத பையன்கள் நாங்கள், அண்டர்டேக்கர் பெரியவரா பிரெட் ஹார்ட் பெரியவரா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டில் கேபிள் இணைப்பு இருந்த ஒருவன் வந்து, "நேற்று என்ன நடந்தது தெரியுமா?" என்று தொடங்குவான். உடனே அட்டைகள் மடியில் இறங்கிவிடும். எண்களை வைத்திருந்த எங்களைவிட, பார்த்துவிட்டு வந்து சொன்னவனுக்குத்தான் அங்கே மதிப்பு.

இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பையனின் பக்கம் நின்று.

முடிவை முன்பே தீர்மானித்துவிட்டு ஆடும் சண்டைக்கு மதிப்பெண் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊரில், துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இரவெல்லாம் கூத்துப் பார்த்தவர்கள் காலையில் படுகளத்துக்கும் போய் நிற்கிறார்கள். "போன வருடம் துரியோதன வேடம் கட்டியவர் இன்னும் நன்றாகச் செய்தார்" என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். யார் வெல்வார் என்ற கேள்வி தீர்ந்துபோன இடத்தில்தான் எப்படி என்ற கேள்வி பிறக்கிறது. நம்முடைய விவாதம் முழுவதும் அந்த 'எப்படி'யைப் பற்றியது.

சண்டைக்கு நட்சத்திரங்களால் மதிப்பெண் போடும் கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. ஜிம் கார்னெட், நார்ம் டூலி என்ற இரண்டு ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட முறை அது. கார்னெட் பின்னாளில் மேலாளர் வேடத்தில் ரிங்கின் ஓரத்திலேயே நின்றவர். அந்த முறையை 1980களில் தம்முடைய 'ரெஸ்லிங் அப்சர்வர்' செய்திமடலில் எடுத்தாண்டு உலகமெங்கும் கொண்டுசென்றவர் டேவ் மெல்ட்சர். ஐந்து என்பது உச்சம். கால் கால் நட்சத்திரமாக ஏறும், இறங்கும். மிக மோசமான சண்டைக்குப் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். இதை அளந்து தர ஒரு குழுவோ விதிப் புத்தகமோ கிடையாது. ஒரு மனிதரின் ரசனை, அவ்வளவுதான். மெல்ட்சரின் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஜப்பானில் நடந்த சண்டைகள் நம் கண்ணுக்குத் தெரிய வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடங்களுக்கு மேல் மோதிய சண்டைக்கு அவர் ஆறு நட்சத்திரம் கொடுத்தார். 2018 ஜூனில் அதே இருவரின் மற்றொரு சண்டைக்கு ஏழு கொடுத்தார். அன்றிலிருந்து நம் பேச்சு பழையபடி டிரம்ப் கார்டுக்குத் திரும்பிவிட்டது. ஏழு பெரியதா, ஆறு பெரியதா? அந்தச் சண்டைகள் மகத்தானவை. ஒமேகா தூக்கியெறியப்பட்டு விழும்போது ஒகாடாவின் முகத்தைக் கவனித்தீர்களா என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். என் நோட்டுப் புத்தகத்தில் இன்றும் ஐந்துக்கு மேல் எண் கிடையாது.

அந்த நோட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பக்கம். எண் கடைசி வரியில்தான் வரும். அதற்கு மேலே, அடி வாங்கியவர் என்ன செய்தார் என்று எழுதுவேன். அடித்தவரைப் பற்றி அநேகமாக எழுதுவதில்லை.

காரணம் எளியது. ரிங்கில் ஒருவரைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார்கள் என்றால், தூக்கப்படுபவர் சரியான நேரத்தில் எம்பிக் கொடுக்கிறார். விழும்போது மோவாயை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுமாறு விழுகிறார். ரசிகர்கள் இதை 'பம்ப்' என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வலியை எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எந்த முகத்தோடு சுமக்கிறார் என்பது 'செல்லிங்'. வீசுபவருடைய பலம் நமக்குத் தெரிவதே வீசப்பட்டவரின் உடல் வழியாகத்தான். பத்தாவது நிமிடத்தில் முழங்காலில் அடி வாங்கியவர் பதினைந்தாவது நிமிடத்தில் குதித்து ஓடினால், அந்த ஐந்து நிமிட உழைப்பும் வீண்.

1997 மார்ச் 23. சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில், ஆண்டுக்கொருமுறை நடக்கும் பெரிய மல்யுத்த நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 13. பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதுகிறார்கள். எதிராளி 'போதும்' என்று பணிந்தால்தான் வெற்றி. நடுவர், கூண்டுக்குள் உண்மையாகவே மோதும் கேஜ் சண்டைகளிலிருந்து வந்த கென் ஷாம்ராக். ஆண்டுக்கணக்கில் நாயகனாக இருந்தவர் ஹார்ட். கண்ணாடி நொறுங்கும் சத்தத்தோடு உள்ளே வந்த ஆஸ்டின் வில்லன். கூட்டத்துக்குள் இறங்கிச் சண்டை போட்டார்கள். ஹார்ட் ரிங் கம்பத்தைச் சுற்றி ஆஸ்டினின் கால்களை மடக்கினார். ஆஸ்டின் மின்கம்பியால் ஹார்ட்டின் கழுத்தை இறுக்க, ஹார்ட் ரிங் ஓரத்து மணியை எடுத்து அவர் தலையில் அடித்தார். கடைசியில், எதிராளியைக் குப்புறப் போட்டுக் கால்களைப் பின்னி முதுகுப் பக்கம் மடக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடி. ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பற்களுக்கிடையே இறங்குகிறது. அவர் கத்துகிறார், கைகளை ஊன்றி எழப் பார்க்கிறார். ஒரு கணம் பிடியே தளர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது, மறுபடி சாய்கிறார். பணியவே இல்லை. மயங்கிப் போகிறார். ஷாம்ராக் சண்டையை நிறுத்துகிறார்.

ஏட்டுக் கணக்கில் வென்றவர் ஹார்ட். ஆனால் சண்டை முடிந்த பிறகும் அவர் ஆஸ்டினின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைத் திட்டியது. ஆஸ்டின் உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டு, தள்ளாடித் தள்ளாடித் தானாக நடந்து போனபோது அவருடைய பெயர் அரங்கம் முழுவதும் ஒலித்தது. வில்லனாக உள்ளே வந்தவர் நாயகனாக வெளியே போனார். நாயகன் வில்லனாகத் திரும்பினார். வசனம் எதுவும் இதைச் செய்யவில்லை. அந்த மயங்கிய முகம் செய்தது. மெல்ட்சர் ஐந்து கொடுத்தார், நானும் ஐந்துதான். ஆனால் இந்தச் சண்டையை ஒருவருக்குச் சொல்லும்போது எண்ணையா சொல்வீர்கள்? பற்களுக்கிடையே ரத்தம் இறங்கியதைத்தான் சொல்வீர்கள்.

சொல்லும் கலையும் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பாடியது ஒரு மற்போரைத்தான். ஆமூர் மல்லனைச் சோழன் நற்கிள்ளி வீழ்த்துகிறான். 'வென்றான்' என்று சொல்லிவிட்டுப் புலவர் போய்விடவில்லை. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவனுடைய முயற்சியைத் தடுத்து முதுகில் வளைகிறது என்று பிடியை நமக்குக் காட்டுகிறார். பசித்த யானை மூங்கிலை வளைப்பதுபோல மல்லனின் உடல் இரு முனையும் ஒசிகிறது என்கிறார். உவமை விழுந்த இடத்தைக் கவனியுங்கள்: ஒசிகிறவனின் உடல் மேல்.

ரிக் ஃப்ளேருக்கு வருகிறேன். அவர் சுற்றி வந்த உலக சாம்பியன். அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், அந்தந்த வட்டாரத்தின் செல்ல வீரரோடு மோதி, 'நம்மவர் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் வென்றிருப்பார்' என்று அந்த ஊர் நம்பும்படி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவது அவர் வேலை. மண்டியிட்டுக் கெஞ்சுவார். மேல்கயிற்றில் ஏறினால் பிடித்து வீசப்படுவார். அடி விழுந்த பின் நாலடி நடந்து முகங்குப்புறச் சாய்வார். இவ்வளவு அடி வாங்கத் தெரிந்ததால்தான் அவர் பெரிய சாம்பியன். 1989இல் ரிக்கி ஸ்டீம்போட்டோடு மூன்று சண்டைகள்: பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். மூன்றுக்கும் மெல்ட்சர் ஐந்து. மூன்றில் எது சிறந்தது என்று இதே அறையில் நாம் எத்தனையோ முறை சண்டையிட்டிருக்கிறோம். ஏறத்தாழ 55 நிமிடம் நீண்ட நியூ ஆர்லியன்ஸைச் சொல்பவர்களை மதிக்கிறேன். நான் நாஷ்வில் பக்கம். மேலிருந்து வெளியே விழுந்து ஸ்டீம்போட்டின் கால் கெடுகிறது. அதன் பிறகு அவர் நிற்கும் ஒவ்வொரு நொடியும் அந்தக் கால் நமக்குத் தெரிகிறது. கடைசியில் ஃப்ளேரைத் தூக்குகிறார், கால் தாங்கவில்லை, ஃப்ளேர் அப்படியே அவரை உருட்டி மடக்கி, நடுவர் மூன்று எண்ணும்வரை தோள்களை எழவிடாமல் அழுத்தி வெல்கிறார். கால் வலியை மறக்காத ஒருவரால்தான் அந்த முடிவு நியாயமாகிறது.

மெல்ட்சரோடு எனக்கு உண்மையான தகராறு ஒன்று உண்டு. 1987 மார்ச் 29 அன்று பான்டியாக் நகரில் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயண்டும் மோதியதற்கு அவர் கொடுத்தது மைனஸ் நான்கு. அசைவு குறைவு, பிடிகள் மெதுவானவை. அந்த அளவில் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆந்த்ரேவைப் பாருங்கள். வளர்ச்சி சுரப்பிக் கோளாறால் உருக்குலைந்த உடம்பு. அதற்கு முந்தைய ஆண்டுதான் முதுகில் அறுவை சிகிச்சை. உடைக்கு அடியில் முதுகுப் பட்டை. அந்த நிலையில், அவ்வளவு பெரிய அரங்கின் நடுவில் தன்னைத் தூக்கிப் போட அவர் இடம் கொடுத்தார். அவர் விரும்பாவிட்டால் உலகில் யாரும் அவரைத் தூக்கியிருக்க முடியாது. ஒரு தலைமுறை முழுவதும் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தூக்கல், தூக்கப்பட்டவர் கொடுத்த கொடை. அதற்குக் கீழே மைனஸ் போட என் கை வராது.

ஒரு வார்த்தை அண்டர்டேக்கர் பற்றியும். 2009இல் ஹூஸ்டனில், தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்கும் அவருடைய டூம்ஸ்டோன் வீச்சிலிருந்து ஷான் மைக்கேல்ஸ் இரண்டாம் எண்ணில் தப்பியபோது, கேமரா அண்டர்டேக்கரின் முகத்துக்குப் போனது. அத்தனை ஆண்டுகளாக எதையும் காட்டாத முகத்தில் கண்கள் விரிந்தன. அதுவும் அடி வாங்குவதுதான். மெல்ட்சர் நாலே முக்கால் கொடுத்தார். அந்தக் கால் நட்சத்திரத்தை நான் அந்தக் கண்களுக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதாக இல்லை.

ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவாவை நான் தெய்வமாகப் பார்த்தவன். 1994 ஜூன் 3 அன்று புடோகான் அரங்கில் அவரும் தோஷியாகி கவாடாவும் ஆடியது, நான் பார்த்த சண்டைகளிலேயே உயர்ந்தது. கவாடாவின் இரு கைகளையும் பூட்டி, கழுத்தும் தோளும் தரையில் இறங்குமாறு மிசாவா போட்டார். கைகள் பூட்டியிருப்பதால் விழுபவர் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லை. என் நோட்டில் அந்த நாளைக்கு ஆச்சரியக்குறிகள் வரிசையாக நிற்கின்றன. 2003 மார்ச் 1 அன்று மிசாவா, கென்டா கொபாஷியை நடைமேடையிலிருந்து பின்னோக்கித் தரைக்கு வீசினார். அதற்கும் ஐந்து. தலை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு உயர்ந்த எண் என்று நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

2009 ஜூன் 13 அன்று, ஹிரோஷிமாவில், சாதாரணமான ஒரு பின்புற வீச்சில் விழுந்த மிசாவா எழவில்லை. அன்றிரவே இறந்தார். வயது 46. ஆண்டுக்கணக்கில் கழுத்தில் சேர்ந்த அடிகளோடு ஆடிக்கொண்டிருந்தவர்.

செய்தி வந்த இரவு நோட்டை எடுத்தேன். 1994இன் பக்கத்தில் நான் எழுதியிருந்தது எல்லாம் அடித்த மிசாவாவைப் பற்றி. விழுந்த கவாடாவைப் பற்றி ஒரு வரி இல்லை. விழுவதைக் கவனித்து எழுதும் பழக்கம் எனக்கு அந்த இரவில்தான் வந்தது. எண்ணை நான் அடித்து மாற்றவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஐந்துதான். ஆனால் அதன் பிறகு, கழுத்து ஆபத்தில் இறங்கும் வீச்சுக்காக மட்டும் ஒரு கால் நட்சத்திரம்கூட நான் கூட்டியதில்லை. ஆஸ்டினும் ரெஸ்ல்மேனியா முடிந்த ஐந்தாவது மாதத்தில், தலை தரையில் இடிக்கும் ஒரு வீச்சில் கழுத்து ஒடிந்து கிடந்தவர் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நம் எண்கள் வீரர்களின் காதுக்கு எட்டுகின்றன. கூட்டம் எதற்கு எழுந்து நிற்கிறதோ அதை அவர்கள் அடுத்த வாரம் மறுபடி செய்கிறார்கள்.

போதும். திரையில் இன்று நாம் பார்க்கப்போவது, ஹோகனும் ஆந்த்ரேயும் மோதிய அதே நாளில் ராண்டி சாவேஜும் ஸ்டீம்போட்டும் ஆடியது. 15 நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு அசைவையும் முன்பே வரிசைப்படுத்தி, மனப்பாடம் செய்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள். முந்தைய ஆண்டு சாவேஜ் ரிங் மணியால் அடித்து ஸ்டீம்போட்டின் தொண்டையைக் கெடுத்த கதை பின்னால் இருக்கிறது. ஸ்டீம்போட் எப்போது தொண்டையைப் பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசியில் சாவேஜ் அவரைத் தூக்குவார்; ஸ்டீம்போட் உருட்டி மடக்குவார். இரண்டு ஆண்டு கழித்து நாஷ்வில்லில் தன்னையே வீழ்த்தப்போகும் பிடியால் அவர் அங்கே வெல்கிறார். அந்த இடத்தில் ஸ்டீம்போட்டை விட்டுவிட்டுச் சாவேஜைப் பாருங்கள்.

தாளும் பென்சிலும் பின்வரிசையிலிருந்து வரும். எண்ணைக் கடைசியில் எழுதுங்கள். விளக்கை அணைக்கலாம்.