எழுத்து மாறல, பூ மாறிடுச்சு

[காட்சி: ராயக்கோட்டை தக்காளி மண்டி, விடிகாலை]

"ஹைபிரிட் தக்காளியில விதை எடுத்துப் போட்டேங்க, செடிக்கு ஒரு மாதிரி காய்க்குது!"

இந்தப் பக்கம் அடிக்கடி கேக்கற புலம்பல் இது. ஆனா இது எபிஜெனெடிக்ஸ் இல்ல. எபிஜெனெடிக்ஸ்னா டிஎன்ஏ எழுத்து மாறாமலே மரபணு வேலை செய்யற விதம் மாறறது. தாய்ச்செடி, தகப்பன்செடி மரபணுக்கள் அடுத்த தலைமுறையில பிரிஞ்சு கலையறதுதான். இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் அந்தப் பேரை ஒட்டிடறாங்க, அதான் முதல்லயே சொல்லிட்டேன்.

[காட்சி: லினாரியா பூ, ரெண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துல]

எபிஜெனெடிக்ஸோட அசல் கதை ஸ்வீடன்ல இருக்கு. லினாரியா பூவுக்குப் பின்னால ஒரே ஒரு வால். ஆனா 1744-ல தாவரவியலாளர் லின்னேயஸ் விவரிச்ச லினாரியா செடியில பூவுக்கு அஞ்சு வால்! பெலோரியான்னு பேர் வெச்சார். கிரேக்கத்துல பூதம்னு அர்த்தம்.

காரணம் தெரிய 1999 ஆச்சு. கூபாஸ், வின்சென்ட், கோயன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் பூவோட வடிவத்தைத் தீர்மானிக்கற மரபணுவைப் பாத்தாங்க. பூவை மாத்தற அளவுக்கு டிஎன்ஏ எழுத்துல ஒண்ணும் மாறல. அது மேல மெத்தில் அப்பியிருந்துச்சு, மரபணு வாயடைச்சுப் போச்சு. மெத்தில்னா ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன். அவ்வளவு சின்ன பூட்டு!

இது எப்படி விதைக்குள்ள போகுது? பத்திரத்துல ஒரு வரி மேல பேனாவால கோடு போட்டு ஜெராக்ஸ் எடுங்க. கோடும் சேந்தே வரும். செல் பிரியறப்பவும் பழைய இழையில மெத்தில் இருக்கற இடத்தைப் பாத்து, புது இழையிலயும் ஒரு நொதி ஒட்டிவிடுது. பாலூட்டிகள்ல கரு உருவாகறப்ப இந்தக் கோடுகள்ல பெரும்பகுதி அழிஞ்சிடும். செடியில அந்த அளவுக்கு அழியறதில்ல. இலை விட்ட அதே கொழுந்துதான் பிறகு பூவும் விடுது, அதனால கொழுந்துல விழுந்த கோடு விதைக்கும் போகலாம். சில சமயம் பூட்டு தானா கழண்டு, பெலோரியா செடியிலயே ஒரு கிளை பழைய பூ பூக்கும்.

தக்காளியிலயும் இப்படி மாறின ஒரு வகை உண்டு, சிஎன்ஆர்னு பேரு. 2006-ல வந்த ஆய்வு அதையும் மெத்தில் கணக்குலதான் சேத்துச்சு. பழம் சிவக்கவே சிவக்காது, வெளுத்தே நிக்கும். இந்த மண்டிக்கு வந்தா ஏலத்துல யார் கேப்பாங்க?

[காட்சி: பென்னாகரம் பக்கம் மானாவாரி ராகிக் காடு]

அப்போ, வறட்சியில வெளைஞ்ச ராகி விதை வறட்சியைத் தாங்குமா? அவசரப்படாதீங்க. கஷ்டகாலத்துல விழற இந்த மாதிரி குறிகள் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு தலைமுறையில மறைஞ்சிடுது. ஆய்வுக்கூடத்துச் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடி குளிர்காலத்தை ஞாபகம் வெச்சுப் பூக்குது, ஆனா ஒவ்வொரு விதையிலயும் அந்த ஞாபகத்தைத் துடைச்சிடுது. துடைக்கலேன்னா அடுத்த செடி குளிருக்குக் காத்திருக்காமலே பூத்துடுமே.

காஞ்ச காட்டுல வாடாம நின்ன கதிரா பாத்து விதைக்கு எடுத்து வெக்கற பாட்டி செய்யறது வேற. அது தேர்வு. அங்க சலிச்சு எடுக்கறது டிஎன்ஏ எழுத்தையே.